பொறை

டீக்கடையில் பொறை கேட்டேன்.
"நேத்து வந்ததுதான் இருக்கு" என்று தயங்கினார் முபாரக்.
நேற்றையதுதான் வேண்டும்,
முந்தாநாளையது இருந்தால் இன்னும் நல்லது.
பன்னிரண்டு எடுத்துப் போட்டார்.
ஓரம் உடைந்த ஒன்றுக்குக் காசு வேண்டாமென்றார்.
எல்லாவற்றையும் உடைக்கத்தான் போகிறேன் என்று
நான் சொல்லவில்லை.

பேரணாம்பட்டில் மே மாதம்
மொட்டைமாடிக்குத் தீக்குச்சி தேவையில்லை.
செவ்வாயன்று சீவிப் பரப்பிய பூண்டு
வியாழனன்று அள்ளினால் கையில் கிலுகிலுத்தது.
கறிவேப்பிலைக்கு ஒரே பகல்.
பட்டறைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மட்டும்
ஓடிப்போய் வேட்டியால் மூடவேண்டும்,
இல்லாவிட்டால் பூண்டுக்கும் டிரம் வாடை ஏறிவிடும்.

அந்த டிரம்களோடு பத்தொன்பது வருடம் நின்றவர் எத்திராஜ்.
மூக்கு எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.
கேஸ் கசிந்த அன்றைக்கு
அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.
வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில்
நாலு குப்பியை ஒவ்வொன்றாய் நீட்டினார்கள்:
காப்பித்தூள், சோப்பு, கிராம்பு, இன்னொன்று.
நாலுக்கும் ஒரே பதில்.
பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி
வழி முழுக்க பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்புறம் கறி வேண்டாமென்றார்.
"செருப்புத் துண்டைக் கடிக்கிற மாதிரி இருக்குது."
பிரியாணியைக் கிளறிவிட்டுத் தட்டை நகர்த்தினார்.
ஆம்பூரே சிரிக்கும்.
ஆனால் அப்பளத்தை விடவில்லை,
என் பங்கையும் சேர்த்து நொறுக்கினார்.
தினம் எதிரில் உட்கார்ந்து பார்த்தும்
எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது.
காதால் சாப்பிடுகிறார்.

ஷூ கம்பெனியில் பத்து வருடம் முடித்ததற்கு
எனக்கு ஓர் ஓவன் கொடுத்திருந்தார்கள்.
அதுவரை அதற்குள் ரேஷன் கார்டு இருந்தது.

முதல் ஞாயிறு பொறையை மிக்சியில் போட்டேன்.
மாவாகி, ஈர மணலாய் ஒட்டியது.
அடுத்த வாரம் ரவை. பல்லுக்குப் பகை.
அதற்கடுத்து நொய்யை வறுத்தேன்,
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.
நாலாவது வாரம் கரண்ட் இல்லை,
பொறையைத் துணிப்பையில் கட்டிக் குழவியால் தட்டினேன்.
சில மிளகளவு, சில கடுகளவு, மிச்சம் தூள்.
அப்போதுதான் பிடிபட்டது:
ஒரே சீராய் இருந்தால் சத்தம் வராது.

பூண்டுச் சில்லு. கறிவேப்பிலைச் சருகு.
தனியாவை ஒன்றிரண்டாய். உப்பு.
குண்டு மிளகாய் தாராளமாய்,
காரத்துக்கு மூக்கு வேண்டியதில்லை, நேரே நாக்கில் ஏறும்.
ஊரே தோலை உரித்துப் பதம்போடுகிறது,
நான் உரித்த கோழிக்கு உட்கார்ந்து தோல் செய்கிறேன்.
தயிரில் தோய்த்த துண்டுகளைப் பையில் போட்டு
வாயைத் திருகிக் குலுக்கினால்
பக்கத்து வீட்டு ஷாகிரா சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள்.
கரண்ட் வந்ததும் இருநூறில் நாற்பது நிமிடம்.
ஃபேன் தளர்ந்தது, ட்யூப்லைட் ஒருமுறை இமைத்தது.

கடித்தார்.
அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது.
மெல்லாமல் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார்,
பிறகு மறுபக்கப் பல்லால் இன்னொரு முறை.
எலும்பு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.
அப்புறம், "பூண்டு போட்டிருக்கியா?"

போட்டிருக்கிறேன் என்றேன்.
மாடியில் காய்ந்ததைப் பார்த்துச் சொன்னாரா,
வேறெப்படியாவது தெரிந்ததா,
கேட்கவில்லை.
கேட்காமலிருக்கவும் பொறை வேண்டியிருந்தது.

மிச்சத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து
'ஈரக் கரண்டி போடாதே' என்று எழுதி ஒட்டினேன்.
முபாரக்கிடம் இருபது பொறைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.
அங்கேயே இருக்கட்டும்,
பழசாகட்டும்.