ஈவினை, பதினேழாம் புள்ளி

இரவு பதினொன்றரைக்குப் பிறகுதான் நிலம் அடங்குகிறது.
அதுவரை லான்ட்மாஸ்டர், பலாலி வீதியின் லொறிகள்,
எங்கோ ஒரு கலியாண வீட்டுப் பெட்டிச் சத்தம்,
எல்லாம் எங்கள் திரையில் புல்லரிப்பாய் ஓடும்.

வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே
மூன்று கால் ஊன்றி நிற்கிறது பெட்டி.
வயிற்றுக்குள் காற்றில்லாத குழாய்.
அதற்குள் றுபீடியம்,
ஆறு பக்கமும் ஒளியால் நெருக்கி
குளிர வைத்த ஒரு சிட்டிகை முகில்.
ஒளியை எடுப்போம். விழும்.
விழுவதைப் பார்ப்பதுதான் எங்களுக்குச் சம்பளம்.

விழுகிற பொழுதில் லேசர் மூன்று தரம் வெட்டும்.
முதல் வெட்டில் ஓர் அணு இரண்டு வழியிலும் போகும்.
அடுத்ததில் வழிகள் திரும்பும்.
மூன்றாவதில் தன்னைத் தானே சந்தித்து
நீ எவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கும்.
டிலக்சன் இதைச் சொல்லும்போது கையை விரித்துச் சேர்ப்பான்.
பற்றரி வயர் காலில் சிக்கி இரண்டு தரம் விழுந்தும் இருக்கிறான்.

பம்பை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டது நான்.
கமலாம்பிகை குத்தகைக்காரி.
பகலில் திருநெல்வேலிச் சந்தை, இரவில் இறைப்பு.
"எவ்வளவு நேரம்?"
அரை மணித்தியாலம், அக்கா.
"தங்கமோ?"
இல்லை. கீழை பொள்ளல் இருக்கோ எண்டு.
காணிக்காரர் கனடாவில இருந்து
மூண்டு மாடி கட்டப் போறாராம்.
"ஓ," என்றாள். அந்த ஓவில்
அடுத்த போகத்தின் கணக்கு முழுக்க இருந்தது.
பம்பு நின்றது.

ஒன்பது புள்ளி ஏழு எட்டு ஒன்று எட்டு.
அதுவரைக்கும் ஊருக்கெல்லாம் ஒரே எண்,
பனைக்கும் சங்கக் கடைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும்.
எங்கள் வழக்கெல்லாம் அதற்கப்பால்,
ஏழாம் தானத்தில், எட்டாம் தானத்தில்.
பதினாறாம் புள்ளி வரை சாதுவாய் வந்த எண்
பதினேழில் இறங்கியது.
காலடியில் ஐந்து மீற்றரில்
சுண்ணாம்புக்கல் இல்லாமல் போயிருந்தது.

"அப்ப இதில நிண்டா என்ர நிறை குறையுமோ?"
குறையும். ஒரு மில்லிகிராம்.
ஒரு வெங்காயச் சருகுகூட இல்லை.
சிரித்தாள். "இவ்வளவுக்கோ பம்பை நிப்பாட்டினீங்கள்?"
கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அக்கா,
உங்கட நிறையும் இழுக்கும்.
"நானோ?"
ஓம், எல்லாரும்தான். அணுவை.
வரம்போரம் போய் நின்றாள்.
பிறகு இன்னும் இரண்டடி தள்ளி.

கார்த்திகையில் திரும்ப வந்தோம்.
ஒன்பது நாள் மழை. செம்மண் சப்பாத்தைக் கழற்றி வைத்துக்கொண்டது.
அதே ஆணி, அதே உயரம், அதே பெட்டி.
நிலவின் இழுவையைக் கழித்தோம்.
கடலின் ஏற்ற இறக்கத்தைக் கழித்தோம்.
தலைக்கு மேலிருந்த காற்றின் பாரத்தையும் கழித்தோம்.
எண் ஏறித்தான் நின்றது.
பொள்ளலுக்குள் தண்ணீர்.
மண் கொஞ்சம் பலமாய் எங்களைப் பிடித்திருந்தது,
யாருக்கும் தெரியாதபடி.

காணிக்காரருக்கு அறிக்கை போனது.
ஒரு மாடியாவது கட்டலாமா என்று கேட்டுப் பதில் வந்தது.
அதைக் கமலாம்பிகையிடம் நாங்கள் சொல்லவில்லை.
வெங்காயம் இரண்டிலை விட்டிருந்தது.

இரண்டு மணி பதினாலுக்கு ஒரு வாசிப்பு குதித்தது.
பூமி நடுக்கமில்லை, லொறியுமில்லை.
தேத்தண்ணிப் போத்தலோடு
வெறுங்காலில் அவள் பாத்தி தாண்டி வந்துகொண்டிருந்தாள்,
பெட்டிக்குக் கேட்டுவிடும் என்று பயந்த மாதிரி
விரல் நுனியில்.

அந்த வரியைத் தரவிலிருந்து நீக்கினேன். முறை அதுதான்.
காரணம் எழுதும் கட்டத்தில்
"காலடி" என்று போட்டேன்.
பிறகு, டிலக்சன் பார்க்காதபோது,
"இனிப்புக் கூட" என்றும்.