அரைப்பேர்

மூன்றரைக்கு மடுவத்தில் தராசு தொங்கும் முன்பே
டெப்லட் விழித்துக்கொள்ளும்.
ஏழாம் நம்பர் மலை.
மழை, சரிவு, போன வருசத்து விளைச்சல் எல்லாம் கூட்டிக் கழித்து
ஆளுக்கொரு கிலோ வைத்திருக்கும்.
நீலம் என்றால் முழுப்பேர்.
செம்மஞ்சள் என்றால் அரைப்பேர்.
அது கட்டளையிடுவதில்லை, பரிந்துரைக்கிறது.
பயிற்சி நாளில் கொழும்பிலிருந்து வந்தவர்
அந்தச் சொல்லை மூன்று தடவை சொன்னார்:
முடிவு உங்களுடையது, மிஸ்.

கீழே இரண்டு பொத்தான்.
'ஏற்கிறேன்' பெரியது, பச்சை, பெருவிரலுக்குப் பக்கம்.
'மாற்றுகிறேன்' என்றால் ஒரு பெட்டி திறக்கும்:
காரணம் எழுதவும், நூற்றிருபது எழுத்துக்குள்.

குளவி கலைந்து
நிரையை விட்டு எல்லாரும் ரோட்டுக்கு ஓடியதை,
புஸ்பலீலா திரும்பிப்போய்
யாரோ போட்டுவிட்டு வந்த கூடையைத் தூக்கி வந்ததை
நூற்றிருபதுக்குள் மடிக்கப் பார்த்தேன்.
'குளவி' என்பது மட்டும் மிஞ்சியது.

மாதக் கடைசியில் எனக்கொரு வரைபடம் வரும்.
உடன்பாட்டு வீதம்: எண்பத்தொன்பது.
மேல்பிரிவு நிஷாந்தனுக்குத் தொண்ணூற்றேழு.
யாரும் ஏசவில்லை.
துரை அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினார்,
பிறகு என் பக்கம் திருப்பினார்,
அவ்வளவுதான்.
அது சொல்லி நான் கேட்டுத் தவறினால் வானிலை.
நான் மாற்றித் தவறினால் நான்.

பொய் சொல்லக்கூடாது.
பழைய கணக்கப்பிள்ளை காலத்தில்
படங்குக்கென்று இரண்டு கிலோ போகும்,
ஈரத்துக்கென்று இன்னும் ஒன்று.
அதைப் பிடித்துக் காட்டியது இதுதான்.
அன்றைக்கு யாரோ இதன் நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள்.
நான் துடைக்கவில்லை.

ஆனால் இப்போதெல்லாம்
கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்டால்
பதில் சொல்லும் முன் எங்கேயோ பார்க்கிறேன்.
விடியப்புறம் இரண்டு மணிக்கு
கண்மூடிய இருட்டிலும் செம்மஞ்சள்.
டிஸ்பென்சரியில் பிரஷர் பார்த்தார்கள், சரியாகத்தான் இருக்கிறதாம்.

போன செவ்வாய் மூடுபனி இறங்கி
சிக்னல் செத்துப்போனது.
திரையில் ஒரு வட்டம் சுற்றியது.
முப்பத்திரண்டு பேர் மழைக்குள்.
நிறுத்த கிலோவெல்லாம் தாளில் என் கையெழுத்தில்.
எட்டு வருசம் இந்த மலையில் நடந்தவள் நான்.
எந்த நிரையில் அட்டை ஏறும்,
எந்தச் சரிவில் கால் ஊன்றவே பாதி நாள் போகும்,
எல்லாம் தெரியும்.
தெரிந்தும் கை எழவில்லை.
வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், பதினொரு நிமிடம்.
'போடுங்க மிஸ், குளிருது'
என்றது ஒரு குரல்.
கோபமாகக்கூட இல்லை.

போட்டேன்.
முப்பது முழு, இரண்டு அரை.

இரவு எட்டே முக்காலுக்கு,
லைட் கம்பத்தடியில் சிக்னல் வந்தது.
அதன் பட்டியலும் என் தாளும் பக்கத்தில் பக்கத்தில்.
முப்பத்தொன்று பொருந்தியது.
நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.
இறங்கிய பிறகுதான் உறைத்தது
எதற்காக இறங்கியதென்று.
யாரிடம் நான் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

பொருந்தாத ஒன்று இராக்கம்மா.
நான் முழு, அது அரை.
பொழுது சாய
மற்றவர்கள் நிரை மாறிப் போனபிறகும்
தொங்கலில் தனியாக நின்று
முற்றல் கலக்காமல் கிள்ளிக்கொண்டிருந்தவள்.
கிலோ குறைவுதான்.

பெட்டி திறந்தது. கர்சர் துடித்தது.
'நான் பார்த்தேன்' என்று அடித்தேன்.
ஏழு எழுத்தைப் பதினைந்தாக எண்ணிக்கொண்டு
இன்னும் நூற்றைந்து மீதம்
என்றது அது.