ஊதா நிறம்

டேவானில் ஒரே ஓர் ஒலிவாங்கி, அதற்கும் இருமல்.
சட்டமன்றத்துக்கு நிற்கும் மூவரும்
வரிசையாய் உட்கார்ந்து மினரல் தண்ணீர் குடிக்கிறார்கள்.

இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்த புஷ்பலீலா
மாவட்ட மன்றத்தில் முப்பது ரிங்கிட்டுக்கு வாங்கிய
வரைபடத்தை அவர்கள் மேசைமேல் விரித்தாள்.
சுருண்டுகொண்ட மூலைகளில்
அவர்கள் புட்டிகளையே எடுத்து வைத்தாள்.

"மஞ்சள் வீடு, பச்சை விவசாயம், ஊதா தொழிற்சாலை.
சுங்கை கெருத்தே தோட்டத்து லயம்
எப்போ ஊதா ஆச்சு? யாரைக் கேட்டு?"

முதலாமவர் வளர்ச்சி என்றார்.
வேலைவாய்ப்பு என்றார். மறுபடி வளர்ச்சி.
"செம்பனையை வெட்டின மேட்டிலிருந்து
போன நவம்பர்ல தண்ணி என் கட்டில் வரைக்கும் வந்துச்சு.
அதுவும் வளர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு."
லோரிக்கார அந்தோணிசாமி சிரித்தார்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.

நிலம் கொம்பனியுடையது,
நம் கையில் என்ன இருக்கிறது என்றார் இரண்டாமவர்.
"நிலம் கொம்பனியோடது, சரி.
நிறம் யாரோடது?"

மூன்றாமவர் எழுந்தார், கண்ணாடி மாட்டினார்,
வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
தலைகீழாய்ப் பார்க்கிறார் என்று தெரிந்து
அவள்தான் புட்டிகளை நகர்த்தி
தாளைத் திருப்பி வைத்தாள்.
"இதை இப்போதான் பார்க்கிறேன்."
மெதுவாய்த்தான் சொன்னார்.
ஒலிவாங்கி அதை மட்டும் இருமாமல் சொன்னது.

சுருட்டுவதற்கு முன்
ஊதாவின் ஓரத்தில் பேனாவால் எழுதினாள்:
தேதி, மணி, மூன்று பெயர்.
ஆட்சேபம் கொடுக்க இன்னும் பதினோரு நாள்.
வாக்களிக்க ஒன்பது.