பதம்

நூரியூட்பாவில் ஜூன்.
இலை உதிர்த்த கொடிகள் கம்பியோடு கம்பியாய் நிற்கின்றன.
காலை ஆறரைக்கு விளக்கைப் போட்டால்
நானும் வெள்ளைப் பெட்டியும் மட்டும்.

அதற்கு நாற்பது கிண்ணங்கள், ஒரே ஊசி.
ஒரு கொசு குடிக்கும் அளவு வைன் எடுக்கும்,
நொதியோடு கலக்கும், சூடாக்கிக் காத்திருக்கும்,
கண்ணுக்கு எட்டாத ஒளியை அதனூடே அனுப்பி
மறுபக்கம் எவ்வளவு மிச்சம் வந்தது என்று எண்ணும்.
பிறகு ஊசியைக் கழுவிக்கொண்டு அடுத்த கிண்ணம்.
போன கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது.

இந்த ஆலையில் மூவர் குடிப்பதில்லை.
லோதர் நிட்ஷ்கே வாயில் உருட்டித் துப்பிவிடுவார்.
பெட்டி அளந்து கழிவுக்குழாயில் விடும்.
எனக்கு வாசனைக்கே தலை வலிக்கும்.

திங்கள்கிழமை, பதினாலாம் தொட்டி, ஷிராஸ்:
மாலிக் அமிலம் 0.06.
பச்சை ஆப்பிளின் புளிப்பை
பாக்டீரியா தின்று தீர்த்தாயிற்று என்று பொருள்.
இனி புட்டியில் அடைத்தால் உள்ளே எதுவும் விழித்துக்கொள்ளாது.
லோதர் அடைப்பு லாரிக்குச் சொல்லிவிட்டார்:
வெள்ளி, எட்டு மணி.

புதன்கிழமை, ஒப்புக்கு இன்னொரு முறை.
0.38.

மாலிக் இறங்கும். சிலசமயம் நின்றுபோகும்.
ஏறி நான் பார்த்ததில்லை.

பெட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
அளவுத் திரவம் புதிதாகத் திறந்தேன். சரி.
கட்டுப்பாட்டு மாதிரி. சரி.
நொதிக் குப்பியின் தேதி, விளக்கின் வயது, ஊசியின் நுனி.
மூன்று முறை ஓட்டினேன்.
0.38. 0.38. 0.37.
அந்த 0.37தான் என்னை நம்பவைத்தது.
பொய் சொல்கிறவன் ஒரே மாதிரி சொல்வான்.

லோதர் வந்தார், முழங்கால்வரை ஈர பூட்ஸ்.
முகர்ந்தார், உருட்டினார், துப்பினார்.
"எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது."
அதுவும் பொய்யில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரிதான், அந்தப் பானையைக் கிளறியிருந்தால்.
இது இருபத்துநாலாயிரம் லிட்டர்.
இதை யார் கிளறினார்கள்?

ஏணியில் ஏறினேன்.
கம்பி கையைச் சுட்டது, அவ்வளவு குளிர்.
மேல்மூடி திறந்து ஒன்று,
நீளக் குழாயை இறக்கி நடுவிலிருந்து ஒன்று,
அடிக்குழாயில் ஒன்று.
மேல் 0.06. நடு 0.09. அடி 0.38.
ஒரே தொட்டிக்குள் மூன்று வைன்
ஒன்றோடொன்று பேசாமல் படுத்திருந்தன.

தேநீர் இடைவேளைக்கு டேமியன் வந்தான்.
ஸ்வெட்டர் கையை மேலே தள்ளி வெந்நீர் ஊற்றினான்.
முன்கையில் நீல மார்க்கர், பாதி அழிந்து:
9 → 14. 2000.

செவ்வாய் மாலை, தொட்டியில் இடம் இருக்கிறதே என்று,
வெட்டவெளியில் நின்று குளிர்ந்து கனத்த
ஒன்பதாம் தொட்டி வைனை
அடிவழியாக ஏற்றியிருக்கிறான்.
கணினியில் எழுதவில்லை.
"குளிக்கும்போது கண்ணில் படும், ஞாபகம் வரும் என்று நினைத்தேன்."
நேற்று இரவு பனி.
அவன் குளிக்கவில்லை.

யாரும் கத்தவில்லை.
லோதர் அவன் கையைப் பிடித்து
சுவரில் தொங்கும் பட்டியலைப் படிப்பதுபோலப் படித்தார்.
பிறகு வெளியே போய் லாரிக்காரரோடு வெகுநேரம் போனில்.
கண்ணாடி வழியே ஒரு கை மட்டும் ஏறி இறங்கிற்று.

இரவெல்லாம் பம்ப் ஓடியது.
வியாழன் காலை மேல், நடு, அடி:
0.15, 0.16, 0.15.
மூன்றும் ஒத்துப்போய்விட்டன, மூன்றும் தோல்வி.
தொட்டிக்குச் சூடு வைக்கச் சொன்னார் லோதர்,
பாக்டீரியா மறுபடி வேலைக்கு வரட்டும் என்று.

இப்போது ஒரு தொட்டிக்கு மூன்று கிண்ணம் வைக்கிறேன்.
பெட்டிக்கு ஆட்சேபம் இல்லை.
எனக்குத்தான் கழுவும் குப்பிகள் கூடிவிட்டன,
கழுவுதொட்டி ஊதா நிறத்தை விடமாட்டேன் என்கிறது.

வெள்ளி எட்டு மணிக்கு லாரி வரவில்லை.
புட்டிகள் வந்து இறங்கின,
அவற்றை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.
முப்பத்திரண்டாயிரம் காலிப் புட்டிகள்
முற்றத்தில் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு
பனியில் நின்றன.