ஒன்று முதல் நாலு

"ஒன்பது மடங்கு எடு, பன்றி மயிரே தெரியும்"
என்கிறார் பகாவ் டவுன் துப்பாக்கிக் கடைத் தவுக்கே.
மயிரை எண்ணவா போகிறேன்?
எங்கள் ஆறாம் நம்பர் பிளாக்கில்
செம்பனைக்குச் செம்பனை ஒன்பது மீட்டர்.
மூன்று மரம் தாண்டிப் பன்றி நின்றால்
அதுவே அதிசயம்.

ஒன்றிலிருந்து நாலு வரை போகும் சின்னக் குழல்,
எழுநூறு வெள்ளி சொல்கிறார்.
கண்ணாடி ஓரம் கொஞ்சம் மங்கல்,
வளையம் திருக முரண்டு பிடிக்கிறது.
வாசலுக்குக் கொண்டுபோய்த் தெருவைப் பார்க்கிறேன்.
நாலில்
தீர்த்தகிரியின் சட்டைப் பை.
அதற்குள் என் கடன் கணக்குகூடத் தெரியும்போல.
சட்டென ஒன்றுக்குத் திருப்பினால்
தெரு முழுக்க வந்துவிடுகிறது:
குலை ஏற்றிய லாரி, நனைந்த நாய்,
சின்னதாய்த் தீர்த்தகிரி.

போன அக்டோபர், இரவல் ஸ்கோப்,
குறைந்ததே ஆறு மடங்கு.
வட்டம் நிறையக் கறுப்பு முதுகு, அசைந்தது.
விரல் பாதி வழி போய்விட்டது.
கொசு கடித்ததால்தான் கன்னத்தை எடுத்தேன்.
முதுகுக்குக் கீழே மஞ்சள் பூட்ஸ்.
மழைக்கோட்டோடு குந்தி
அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தான் மாசிலாமணி.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

"இதில் இரண்டு கண்ணும் திறந்தே சுடலாமா?"
தவுக்கே தோளைக் குலுக்குகிறார்,
அவர் ஒரு தோட்டாவும் சுட்டதில்லை.
அறுநூற்று எண்பது. உறை இலவசம்.

வெளியே மோட்டாரை முறுக்கிக்கொண்டு
மாசிலாமணி பெட்டியைப் படிக்கிறான்.
"நாலுதானா? சரியான கஞ்சன்டா நீ."
ஆமாம் என்று
அவன் பின்னால் ஏறி உட்கார்கிறேன்.