குதிகால்

ஐம்பத்தொன்றாவது வயதில்
மோட்டார்சைக்கிள் உரிமம் கைக்கு வந்தது.
அதிலுள்ள படத்தில்
எதையோ திருடி அகப்பட்டுக்கொண்டவள் போல இருக்கிறேன்.

சோச்சா ஆற்றங்கரைச் சிறு மருத்துவமனையில்
எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
கணவாயில் பனி நீங்கிப் பாதை திறந்ததும்
முதலில் குயில் வரும்,
பின்னாலேயே காறை எலும்புகள்.
இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
மூச்சை இழுத்துப் பிடியுங்கள், அசையாதீர்கள் என்று
நாலு பாஷையில் சொல்லிவருகிறேன்
ஜெர்மானியர்களிடம், இத்தாலியர்களிடம்,
ஒரு தடவை
தோல் ஜாக்கெட்டுக்குள் சிலுவை வளைந்துபோயிருந்த
ஒரு பாதிரியாரிடம்.

இவ்வளவு பார்த்தும் உனக்கு இது எதற்கு, ஸ்தென்கா?
எலும்பு டாக்டர் ஸ்ரெச்கோ கேட்டார்,
காபியைக் கலக்கியபடி.
காற்று, மலை, சுதந்திரம் என்று ஏதோ சொல்லிவைத்தேன்.
உண்மை வேறு.
ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவர்கள் எல்லோரும்
முதலில் கேட்பது ஒன்றைத்தான்:
வண்டிக்கு ஒன்றுமில்லையே?
நான் எதைப் பற்றியும் அப்படிக் கேட்டதில்லை,
விவாகரத்தின்போதுகூட.

கடையில் அலியாஷ் என்றொரு பையன்.
சிவப்பாக ஒன்றைக் காட்டினான்.
சின்னதை எடுத்தால் இரண்டே வருடத்தில் சலித்துவிடும்,
நேராக இதிலேயே ஆரம்பியுங்கள் என்றான்.
சலிப்பைப் பற்றி எனக்கா சொல்கிறாய், தம்பி?
ஏறி உட்கார்ந்தேன்.
கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டது,
மேல் அலமாரியில் சர்க்கரை டப்பாவை எட்டுகிறவள் மாதிரி.
இறங்கினேன்.

மஞ்சள் ஒன்று.
அதன் ஹாரன்
மன்னிப்புக் கேட்பது போல ஒலித்தது.
நானே அப்படித்தான்,
இருவர் வேண்டாம்.

சுவரோரம் பச்சையாக ஒன்று நின்றது.
பழையது. ஐந்நூறு சிசி.
இடது பக்கம் முழங்கால் உயரத்தில் கீறல்.
குனிந்து பார்த்தேன்.
படம் படித்தே பழகிய கண்.
ஓடும்போது விழவில்லை, நின்றபடி சாய்ந்திருக்கிறது,
அதுவும் ஜல்லியில் என்றேன்.
அலியாஷ் தலையைச் சொறிந்தான்.
இதைக் கொடுத்துவிட்டுப் போனவர்
அதைச் சொல்லவே இல்லை என்றான்.

உட்கார்ந்தேன்.
இரண்டு குதிகாலும் தரையில்.
முழுசாக.
எத்தனை கிலோ?
நூற்றுத் தொண்ணூறு.
இதைக் கீழே படுக்க வை.

என்ன?

விழாத வண்டி எது என்று நான் கேட்கவில்லை.
படுக்க வை.

அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்தான்,
குழந்தைக்கு ஊசி போடக் கொண்டுவந்த அப்பன் முகத்துடன்.
முதல் முயற்சியில் அது அசையவில்லை.
இரண்டாவதில் என் செருப்பு வழுக்கியது.
பிறகு
வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
ஒரு கை ஹேண்டில்பாரில், மறு கை சட்டத்தில்.
நினைவிழந்தவர்களை மேசைக்கு ஏற்றும் அதே விதி:
முதுகால் தூக்காதே, தொடையால் எழு.
பின்பக்கமாகவே அடியடியாக நடந்தேன்.
பொழுது விடிந்ததை நம்பாத மாடு போல
முரண்டுபிடித்து
எழுந்து நின்றது.

விலையில் நூறு யூரோ குறைக்கச் சொன்னேன்,
கீறலுக்காக.
அறுபது குறைத்தான்.
மரிபோரிலிருந்து மகள் யெர்னேயா
ஒற்றை வரி அனுப்பியிருந்தாள்:
என்ன கலர்?

வீடு பதினோரு கிலோமீட்டர்.
மூன்றாவது கிலோமீட்டரில், பாலத்துக்கு முன் ஏற்றத்தில்,
எஞ்சின் அணைந்துபோனது.
பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்.
ஹாரன் வரும் என்று தோளைக் குறுக்கினேன்.
வரவில்லை.
கண்ணாடியில் பார்த்தால்
அந்த ஆள் சாவகாசமாக
ஆப்பிளை உரித்துக்கொண்டிருந்தான்.

கீழே ஆறு,
வழக்கமான அந்த நம்பமுடியாத பச்சையில்.
என் வண்டி அந்தப் பச்சை இல்லை,
மருத்துவமனைத் திரைச்சீலைப் பச்சை.
இப்போதுதான் கவனிக்கிறேன்.

சாவியைத் திருப்பினேன். உறுமியது.
மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன்,
தொழில் தோஷம்.
விட்டேன்,
மெல்ல,
கிளட்சையும்.