பழகிடும்

எர்ணாவூர் பாலத்துக்குக் கீழே,
கன்டெய்னர் யார்டு வேலியோரம்,
ஒரு அல்பாகா நிற்கிறது.
பொருட்காட்சிக்காரன் வாடகை பாக்கிக்கு
விட்டுப்போனது.
ஜோடியாக வந்தது மே மாதத்தைத் தாண்டவில்லை.

முதலில் ஒட்டகக்குட்டி என்றோம்.
சலூன் தேசப்பன் இரண்டு பிளேடு உடைத்து
மூன்று கோணி கம்பளி இறக்கிய பிறகு
மொட்டை என்றோம்.
தலையில் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தான்,
மாப்பிள்ளைக்கு விடுவதுபோல.

தனியாக இருந்த ராத்திரிகளில்
பழைய ஃபிரிட்ஜ் மாதிரி
ம்ம்ம் என்று முனகியது.
பிறகு தானாகவே போய்
ரோசலினின் ஒன்பது ஆடுகளுக்கு நடுவில் படுத்தது.
இப்போது அவள் பத்து என்றுதான் எண்ணுகிறாள்.

தண்ணி லாரி ஹாரனுக்கு எழும்,
குப்பை லாரி ஹாரனுக்குக் காதுகூட அசைக்காது.
உதட்டால் கொண்டியைத் தூக்கி வெளியே வந்து
ஆடுகள் வரும்வரை நிற்கும்.
புழுக்கை போட ஒரே இடம், யார்டு சுவரோரம்.
சாமி படம் ஒட்டியும் நிற்காத ஆம்பளைகள்
அதைப் பார்த்து நின்றுபோனார்கள்.

பாலிடெக்னிக் பையன் ஒருவன்
மூன்று பெயிண்ட் டப்பா கவிழ்த்து
ஒன்றுக்குள் கேரட் வைத்தான், அறிவைச் சோதிக்க.
அது டப்பாவைப் பார்க்கவில்லை,
மிச்சக் கேரட் இருந்த
அவன் பேண்ட் பாக்கெட்டைப் பார்த்தது.

மாட்டு டாக்டர் சொன்னார்:
"காத்தே பத்தாத மலையில பொறந்த சாதி.
ரத்த அணுவே வேற வடிவம்.
எங்க விட்டாலும் பழகிடும்."

அந்த வார்த்தை எனக்குத் தெரியும்.
கால்வாய்க்கரையிலிருந்து எங்களை
நாலாவது மாடிக்கு ஏற்றியபோது
ஃபைல் வைத்திருந்தவர் சொன்னார்.
கொடியில் காய்ந்த துணியில் சாம்பல் என்றதற்கு
ஹெல்மெட் போட்டவர் சொன்னார்.
கேஸ் நாற்றத்தில் பிள்ளை வாந்தியெடுத்த ராத்திரி
நானே சொன்னேன், அவள் முதுகைத் தடவிக்கொண்டு.

போன செவ்வாய் காற்று திரும்பியது.
தவிட்டின்மேல் சாம்பல், மாவு சலித்ததுபோல.
ரோசலின் ஊதிவிட்டு வைத்தாள்.
ஆடுகள் தின்றன.
மொட்டை முகர்ந்தது,
மோவாயைத் தூக்கியது,
காதைப் பின்னால் மடித்தது.
எடைமேடை கிளார்க் சட்டை எனக்கு,
பாக்கெட்டுக்கு மேல் கம்பெனி பேர் தைத்தது.
சரியாக அங்கேதான் துப்பியது.
பச்சையாக.

மூன்று தடவை சோப்பு போட்டும் போகவில்லை.
தவிட்டு வாளிக்கு இப்போது மூடி இருக்கிறது.
ஆடுகளில் அந்தக் கறுப்பு மட்டும்
நேற்று
முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது.